இந்த வாரம் எனக்கு ஓடுவது

ஸ்டான்லி ஆட்டோக்காரர் ஒருவரின் தாடையை உடைத்தது பெரம்பூர் மார்க்கெட் வாசலில், பட்டப்பகலில், தன் எட்டு வயது மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

தெரிந்தவர்கள் யாரும் முதலில் நம்பவில்லை. பேருந்தில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம் அவன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, ஞாயிறு காலை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பு. கோபம் என்று ஒன்று வந்தால் காதுமடல் சிவக்கும், அதோடு சரி. அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆட்டோ அவன் ஸ்கூட்டரை உரசியது. ஓட்டி வந்த முனிரத்தினம் இறங்கி, வண்டியை ஓரமாக நிறுத்தத் தெரியாதா என்று கேட்டார். ஸ்டான்லி சமாதானமாகத்தான் ஏதோ பதில் சொன்னான். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தவில் சட்டென்று நின்றது. நாகஸ்வரம் மட்டும் தனியாக மேலே ஏறியது.

அடுத்து ஸ்டான்லிக்கு நினைவிருப்பது, முனிரத்தினம் வாழைப்பழ வண்டிக்குக் கீழே கிடந்ததும், அவர் வாயிலிருந்து வந்த ரத்தத்தில் இரண்டு பற்கள் இருந்ததும், தன்னை நாலு பேர் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும்தான். மகள் ஷாரன் ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அப்பாவை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஜாமீனில் வந்த பிறகு அவன் மனைவி பியூலாவிடம் ஒன்றைச் சொன்னான். வேறு யாரிடமும் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. "அடிக்கும்போது இனிச்சுது பியூலா. உச்சந்தலையிலேருந்து குளுகுளுன்னு இறங்குச்சு."

பியூலா கத்தவில்லை. ஷாரனின் பள்ளிக்கூடப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். "அது உங்க கோபமா, இல்ல வேற எங்கேருந்தாவது வந்துதா, கண்டுபிடிங்க. உங்களுதுன்னா இந்த வீட்டுல நாங்க இருக்க முடியாது. கண்டுபிடிக்கிற வரைக்கும் அரக்கோணத்துல அம்மா வீட்டுல இருக்கோம்."

இப்போது காதுக் கிளிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு அதை மாட்டாதவர்கள் குறைவு, ஆனால் மாட்டியவர்களில் பலர் அதைப் பாட்டுக் கேட்கிற சாமான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும் சின்னக் கிளிப். நீங்கள் ஒரு ஆல்பம் கேட்கும்போது உங்கள் உடம்பு என்ன செய்கிறதோ அதையெல்லாம் அது பதிந்துகொள்ளும். நெஞ்சு வேகமெடுத்தது, மூச்சு நின்று போனது, முடி சிலிர்த்தது, தொண்டை அடைத்தது, எல்லாம். இந்தப் பதிவுக்கு நிழல் என்று பெயர். ஆல்பத்தை நண்பருக்குச் சிபாரிசு செய்யும்போது உங்கள் நிழலையும் சேர்த்து அனுப்பலாம். அவர் தன் கிளிப்பில் அதைப் போட்டுக்கொண்டால், உங்கள் உடம்போடு அந்தப் பாட்டைக் கேட்பார்.

'ஞாயிறு ஆல்பம்' என்ற குழுவுக்கு இது வரப்பிரசாதம். நாலு பேர்தான். ஸ்டான்லி, பள்ளியில் இயற்பியல் எடுக்கும் மெஹ்ருன்னிசா, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் தில்லைநாதன், ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் வாகீசன். ஞாயிறு மாலை நாலு மணிக்கு அயனாவரத்தில் வாகீசனின் ஃப்ளாட்டில் கூடுவார்கள். வாரம் ஒருவர் முறை. முறைக்காரர் முந்தின நாளே குழுவில் செய்தி போடுவார். 'இந்த வாரம் எனக்கு ஓடுவது' என்று ஆரம்பித்து ஆல்பத்தின் பெயர், கூடவே தன் நிழல்.

சட்டதிட்டங்கள் கடுமையானவை. ஆல்பத்தை முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது, கிளிப்பைக் கழற்றக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஆல்பம் கொடுத்தவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பார்: எத்தனை? பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருவரும் எண்ணைச் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. கல்யாண வீட்டில் கூட இவ்வளவு சம்பிரதாயம் பார்ப்பதில்லை.

அதில் ஒரு அழகு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தில்லைநாதன் கொண்டுவருவதெல்லாம் பழைய இரும்புக் கடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அவன் நிழலோடு கேட்டபோது ஐம்பது வயது மெஹ்ருன்னிசா முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவள் ஒருமுறை ஆர்மோனியமும் இயந்திரச் சத்தமும் கலந்த ஒரு ஆல்பம் கொடுத்தாள். அதைத் தனியே மறுபடி கேட்ட ஸ்டான்லி மின்சார ரயிலில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எதற்காக என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கு என்ன துக்கமோ, அது அவன் கண் வழியாக வந்தது.

இவர்களில் ராஜா வாகீசன்தான். அவன் நிழல்களைக் கேட்க முன்பின் தெரியாத லட்சம் பேர் காத்திருந்தார்கள். அவன் காதுக்கு ஈடு இல்லை என்று ஊரே சொன்னது, அவனும் மறுக்கவில்லை.

பங்குனியில் வாகீசனின் மனைவி யமுனா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. குழந்தை தங்கவில்லை. குழுவில் மற்ற மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மெஹ்ருன்னிசா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனாள். யமுனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாகீசன் வராந்தாவில் தலையைக் குனிந்து நின்றான். பாவமாக இருந்தது.

அந்த வாரமே அவன் குழுவில் செய்தி போட்டான். 'இந்த வாரம் எனக்கு ஓடுவது: இரட்டைத் தண்டவாளம்.' நாகஸ்வரமும் தவிலும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த ஆல்பம், ஆறு உருப்படிகள். நாலாவதில் தவில் சட்டென்று நிற்கும், நாகஸ்வரம் மட்டும் தனியாக ஏறும். அந்த இடத்தில் வாகீசனின் நிழல் செய்ததை வார்த்தையில் சொல்ல முடியாது. உடம்பு முழுக்க ஒரு பலம் திரண்டு, தோளில் கூடி, அப்படியே உடைந்து கொட்டும். உச்சந்தலையிலிருந்து குளிர்ச்சி இறங்கும். எல்லாரும் கண்ணீரோடு பத்து கொடுத்தார்கள். குழுவின் சரித்திரத்திலேயே எல்லாரும் பத்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. பறிகொடுத்த துக்கம் வாகீசனின் காதுக்கு ஒரு ஆழத்தைக் கொடுத்துவிட்டது என்று தில்லைநாதன் சொன்னான். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

பிறகு எல்லாரும் தினமும் அதையே கேட்டார்கள். ஆபீஸ் போகும்போது, சமைக்கும்போது, தூங்கப் போகுமுன். ஊரிலும் லட்சம் பேர் அதைத்தான் கேட்டார்கள். அந்த வைகாசியில் கல்யாண மண்டபங்களில் அடிதடி என்று நாளொரு செய்தி வந்தது. சம்பந்திகள் மண்டை உடைந்தது ஒரு ஊரில், சாமி புறப்பாட்டில் கத்திக்குத்து இன்னொரு ஊரில். பத்திரிகைகள் குடியைக் காரணம் சொல்லின, சில சினிமாவைச் சொல்லின. தில்லைநாதன் தன் அபார்ட்மெண்ட் காவலாளியைக் கேட்டின் மேல் வைத்து அடித்து விலா எலும்பை முறித்தான். மெஹ்ருன்னிசா பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்குப் பின்னால் ஒரு மாணவியை அறைந்தாள். ஒரு அறையோடு நிற்கவில்லை. நிர்வாகம் அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தார்கள்.

ஜாமீனில் வந்த ஸ்டான்லிக்கும் போக்கிடம் அந்த ஃப்ளாட்தான். ஞாயிறன்று போனான். தில்லைநாதனின் முறை. ஆனால் அவன், புதிதாக எதுவும் ஏறவில்லை, தண்டவாளத்தையே இன்னொரு தடவை சேர்ந்து கேட்போம் என்றான். ஸ்டான்லி காதில் புண் என்று பொய் சொல்லிக் கிளிப்பை மாட்டாமல் உட்கார்ந்தான். இனி அந்த நிழலை உள்ளே விட அவனுக்குப் பயமாக இருந்தது. கண்ணையும் மூடவில்லை.

அதனால்தான் பார்த்தான். நாலாவது உருப்படியில் தவில் நின்ற கணத்தில் மூன்று பேரின் வலது கையும் ஒரே சமயத்தில் மூடின. கட்டைவிரல் வெளியே, முஷ்டி இறுக்கமாக. நாகஸ்வரம் ஏற ஏற, மூன்று தோளும் ஒன்றாகப் பின்னால் போய் ஒன்றாக முன்னால் வந்தன. பயிற்சி கொடுத்த மாதிரி இருந்தது. தன் கையைப் பார்த்தான். அதுவும் மூடியிருந்தது.

அடுக்களை வாசலில் யமுனா பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் காதில் கிளிப் இல்லை. ஸ்பீக்கரில் வரும் வெறும் பாட்டுதான் அவளுக்கு. தவில் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவள் தட்டைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். சுவரோரம் குந்தினாள். இடது கையை மடக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டாள், வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே. ஒவ்வொரு முறை தோள்கள் முன்னால் வந்தபோதும் அவள் தலை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. நாகஸ்வரம் இறங்கியதும் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டாள்.

ஆல்பம் முடிந்து எல்லாரும் கண்ணைத் திறந்தபோது, பஜ்ஜி ஆறிவிட்டது, சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டாள்.

படியிறங்கும்போது ஸ்டான்லி மெஹ்ருன்னிசாவை இரண்டாம் மாடியில் நிறுத்தி, பார்த்ததைச் சொன்னான். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளிப்புக்கு உடம்பு மட்டும்தான் தெரியும் ஸ்டான்லி," என்றாள். "நெஞ்சு துடிச்சா பதிஞ்சுக்கும். எதுக்குத் துடிச்சுதுன்னு அதுக்குத் தெரியாது. பாட்டுக்காகத்தான்னு நாமதான் நினைச்சுக்கறோம். அவன் அந்தப் பாட்டு ஓடும்போது என்ன பண்ணிட்டிருந்தான்னு யாரு பார்த்தா?"

"அப்ப நான் ஆட்டோக்காரர அடிச்சது?"

"திரும்பத் திரும்பக் கேட்டா உடம்பு பழகிடும். தவில் நின்னு நாகஸ்வரம் ஏறினா கை தானா மூடும். நானும் அப்படித்தான். ஆண்டு விழாவுல வரவேற்புக்கு நாகஸ்வரம் வெச்சிருந்தாங்க." அவள் குரல் உடைந்தது. "ஆனா அந்தச் சத்தம் இல்லாம அது வராது. நாகஸ்வரம் காதுல விழாத வரைக்கும் நீங்க நீங்கதான்."

ஸ்டான்லிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. யமுனாவை நினைத்து அழ வேண்டியவன் அவன். ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். தெருவுக்கு வந்ததும் பியூலாவைக் கூப்பிட்டு, அது என் கோபம் இல்லை, வாகீசனுடையது என்று மூச்சுவிடாமல் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அதை முதலில் பாருங்கள், அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஷாரனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

மறுநாள் வாகீசன் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில் இருவரும் யமுனாவிடம் போனார்கள். போலீஸுக்குப் போகலாம், இல்லாவிட்டால் இப்போதே என்னோடு வந்துவிடு என்று மெஹ்ருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யமுனா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. இதைச் சொல்ல அவள் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தவள் போலப் பேசினாள்.

கல்யாணமான புதிதிலிருந்தே வாகீசன் அவளுக்கும் கிளிப் மாட்டிவிட்டுப் பாட்டுக் கேட்க வைப்பானாம். முடிந்ததும் அவள் நிழலைத் திரையில் போட்டு, வாத்தியார் பரிட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்ப்பானாம். இந்த இடத்தில் உனக்கு ஏன் முடி சிலிர்க்கவில்லை, இங்கே ஏன் மூச்சு நிற்கவில்லை, என்ன ஜென்மம் நீ என்பானாம். முதலில் வாய்ப் பேச்சு. அப்புறம் பாட்டு முடியும் வரைக்கும் அவன் காத்திருப்பதில்லை. ஓடும்போதே, எந்த இடத்தில் அவளுக்குச் சிலிர்க்கவில்லையோ அந்த இடத்தில் அடிப்பான். அவன் காதிலும் கிளிப் இருக்கும்.

"புல்லரிச்சா அடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "எவ்வளவோ முயற்சி பண்ணேன். பயத்துல எப்படிக்கா புல்லரிக்கும்?"

ஸ்டான்லி அந்த நிழலையே சாட்சியாகப் போலீஸில் காட்டலாம் என்றான். யமுனா அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"காட்டலாம். அதுக்கு நீங்க எல்லாரும் பத்து குடுத்திருக்கீங்க."

அடுப்பில் வைத்த சாம்பார் பொங்கி வழிந்தது, மெஹ்ருன்னிசா எழுந்து அணைத்தாள். யமுனா, துணிமணியை எடுத்துக் கட்டில் அடியில் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வருகிறேன் என்றாள். அதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானும் ஒரு ஆல்பம் கொடுக்க வேண்டும். எல்லாரும் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும். எத்தனை என்ற அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்க வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை குழுவில் செய்தி வந்தது. 'இந்த வாரம் எனக்கு ஓடுவது: இரட்டைத் தண்டவாளம். யமுனா.' கீழே அவள் நிழல் இணைக்கப்பட்டிருந்தது. வாகீசன் அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் போட்டு, கடைசியில் என் வீட்டிலும் ரசனை முளைத்துவிட்டது என்று எழுதினான்.

ஞாயிறு நாலு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். யமுனா இந்தத் தடவை அடுக்களை வாசலில் நிற்கவில்லை. கூடத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஸ்டான்லி கிளிப்பை மாட்டிக்கொண்டான். கண்ணை மூடினான்.

முதல் உருப்படியில் வந்தது பயம். திருடனைக் கண்டு பயப்படுவது மாதிரி இல்லை அது. பழகிய பயம், தினமும் தேய்த்துக் குளிக்கிற மாதிரி. தோள் சுருங்கியது, நாக்கு வறண்டது, காது பாட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனின் மூச்சையே கேட்டது. இரண்டாவதில் திடீரென்று அடிவயிற்றில் ஏதோ நெளிந்தது. சின்னதாக, வழுக்கலாக, உள்ளேயிருந்து ஒரு தட்டு. ஸ்டான்லிக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனால் பயத்துக்கு நடுவிலும் உடம்பு அதைக் கேட்டு இளகியது. மறுபடி ஒரு தட்டு. அந்த உடம்பு சந்தோஷப்பட்டது. கூடத்தில் மெஹ்ருன்னிசா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

மூன்றாவதிலும் அது இருந்தது. நெளிந்தது, புரண்டது.

நாலாவதில் தவில் நின்றது. முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவது தோளில். அதற்குப் பிறகு வந்தது கை இல்லை, கால். ஸ்டான்லியின் உடம்பு மடங்கி நாற்காலியிலிருந்து சரிந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். இதுவரை எத்தனையோ தடவை பொழிந்த அந்தக் குளிர்ச்சி எங்கே என்று தேடினான். அது இல்லவே இல்லை. அது அடிக்கிறவனுக்கு மட்டும் கிடைப்பது. தில்லைநாதன் பக்கத்தில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. யாரும் கிளிப்பைக் கழற்றவில்லை. சட்டம் அப்படி.

ஐந்தாவதில் உடம்பு ஒன்றையே செய்துகொண்டிருந்தது. அடிவயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது. ஆறாவதிலும் காத்திருந்தது. எதுவும் தட்டவில்லை.

பாட்டு நின்றது. ஒவ்வொருவராகக் கிளிப்பைக் கழற்றினார்கள்.

"வயித்துல என்னமோ மீன் மாதிரி..." என்று ஆரம்பித்த தில்லைநாதன் மெஹ்ருன்னிசாவின் முகத்தைப் பார்த்தான்.

"குழந்தை," என்றாள் அவள். இரண்டு பெற்றவள்.

யமுனா யாரையும் பார்க்கவில்லை. எதிரே சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த வாகீசனைத்தான் பார்த்தாள். அவன் முகத்தில் வியர்வை கூட இல்லை.

"எத்தனை?" என்று கேட்டாள்.

அவன் தன் காதிலிருந்த கிளிப்பை எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்தவர் நிழலில் தான் எப்போதுமே கேட்பதில்லை, அது கலப்படம், தன் காது கெட்டுவிடும் என்றான். இத்தனை வருஷமும் மற்றவர்கள் ஆல்பங்களை வெறுமனே கேட்டுத்தான் எண் சொன்னானாம். ஆனாலும் யமுனாவின் நிழலைக் காலையிலேயே திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டதாகச் சொன்னான்.

"மூணு," என்றான். "நாலாவதுல உனக்கு இன்னும் புல்லரிக்கவே இல்ல."

ஸ்டான்லி எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. முதல் குத்திலேயே வாகீசனின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சோபா பின்னால் கவிழ்ந்தது. ஸ்டான்லி அவன் மேல் ஏறி உட்கார்ந்து, ஆர்கன் வாசிக்கிற கையால் அவன் முகத்தில் அடித்தான். மறுபடி அடித்தான். வாகீசன் தடுக்க நீட்டிய கையைப் பிடித்து விரல்களைப் பின்னுக்கு மடக்கினான். ஒன்று முறிந்தது, அடுத்ததும் முறிந்தது. மெஹ்ருன்னிசா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, போதும் போதும் என்று கத்தினாள். அவன் வாகீசனின் தலைமுடியைப் பற்றி மொசைக் தரையில் மோதினான். உச்சந்தலையிலிருந்து ஜில்லென்று ஒன்று இறங்கி உடம்பெல்லாம் பரவியது. இனிப்பாக இருந்தது. இன்னொரு தடவைக்காகக் கையை ஓங்கினான்.

ஓங்கிய கைக்கு நேர் எதிரே யமுனா இருந்தாள். நாற்காலியிலிருந்து எப்போது இறங்கினாளோ, சுவரோரம் குந்தியிருந்தாள். இடது கையை மடக்கித் தலைக்கு மேல் வைத்திருந்தாள், வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே. கண்ணை இறுக மூடியிருந்தாள். அவன் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டான்லியின் கை அப்படியே நின்றது. அவன் காதைத் தொட்டுப் பார்த்தான். கிளிப் இல்லை. ஸ்பீக்கரைப் பார்த்தான். அது ஓடவில்லை. ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தான். எங்காவது ஒரு கல்யாணம், ஒரு கோயில், தொலைவில் ஒரு நாகஸ்வரம் இருக்கக் கூடாதா என்று ஆசையாகக் கேட்டான். கீழே யாரோ வண்டி கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

கீழே கிடந்த வாகீசன் முனகினான். மூச்சு இருந்தது. தில்லைநாதன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். மெஹ்ருன்னிசா உள்ளே போய்க் கட்டில் அடியிலிருந்த பையை எடுத்துவந்து, யமுனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. நான்தாம்மா, மெஹர் அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை தலையிலிருந்து இறங்கியது. இருவரும் வாசலுக்குப் போகும்போது ஸ்டான்லி வழிவிட ஒதுங்கினான். யமுனா அவனைக் கடக்கும்போது சுவரை ஒட்டி நடந்தாள்.

அவன் குழாயடியில் கையைக் கழுவினான். ரத்தம் போய்விட்டது. உள்ளே அந்த இனிப்பு இன்னும் மிச்சமிருந்தது. மேசை மேல் அவன் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்றாள் பியூலா. பின்னால் ரயில் நிலையத்து அறிவிப்பு கேட்டது. ஷாரன் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "ஸ்டேஷனுக்கு வந்துட்டோம். வண்டி வர நேரம். அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"மெஹர் அக்கா கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நல்லதுங்க. அப்ப எல்லாம் முடிஞ்சுதா?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான். அது மூடியிருந்தது.

"பியூலா, நீ கேட்டியே, அது யாரு கோபம்னு."

"ஆமா. அவருதுன்னு சொன்னீங்களே."

ஃபோனில் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஷாரன் பாட்டை நிறுத்திவிட்டு, அம்மா ஏறலாமா என்று கேட்டாள்.

"ஏறாத," என்றான் ஸ்டான்லி. "பாப்பாவக் கூட்டிட்டு உங்க அம்மா வீட்டுக்கே திரும்பிப் போ."